ஓசூருக்கு விமான நிலையம், டைடல் பார்க், மெட்ரோ... எல்லையோர ஜவளகிரிக்கு என்ன கிடைக்கும்?

ஓசூர் பற்றி கடந்த இரண்டு மூன்று வருஷமா வர்ற செய்திகளைப் பார்த்தா ஒரு விஷயம் புரியும். விமான நிலையம், டைடல் பார்க், மெட்ரோ, அறிவுசார் பெருவழித்தடம்னு அறிவிப்புகள் வரிசைகட்டி வருது.

அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தளி ஒன்றியத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிற ஊர் ஜவளகிரி. சுற்றிலும் காடு. ராகி, காய்கறி விவசாயம். தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் புழங்கும் பகுதி. குளிர்காலம் வந்தா கர்நாடகாவின் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி வனச்சரகம் வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குள்ள நுழையும். இந்த ஊர் பெயர் செய்தியில் அடிபடுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

ஓசூரில் அரசு போடும் முதலீடு, ஜவளகிரி மாதிரியான ஊர்களுக்கு வந்து சேருமா? சேராவிட்டால் யாருக்கு நஷ்டம்? இதற்கான பதில் கொஞ்சம் ஆச்சரியமானது. நஷ்டம் அந்த ஊருக்கு மட்டுமில்ல, தமிழ்நாடு அரசின் கஜானாவுக்கும்தான். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக 3 விஷயங்கள்

• ஓசூர் தானாக வளர்ந்த ஊர் இல்லை. 1970-களில் தொடங்கி அரசு போட்ட முதலீட்டில் வளர்ந்த ஊர்.
• இப்போது அறிவிக்கப்பட்ட பெரிய திட்டங்களில் சில, கர்நாடகா அல்லது மத்திய அரசு சம்மதம் இல்லாமல் நகராது.
• ஜி.எஸ்.டி வந்த பிறகு, பொருளைத் தயாரிக்கும் மாநிலத்துக்கு வரியாக வருவது குறைவு. வேலையும் சம்பளமும் உள்ளூரில் தங்கினால்தான் போட்ட முதலீட்டுக்குப் பலன்.

50 வருஷத்துக்கு முன்னாடி ஓசூர் எப்படி இருந்தது?

1970-களின் தொடக்கத்தில் ஓசூர், பழைய தர்மபுரி மாவட்டத்தின் ஒரு தாலுகா தலைநகரம். அவ்வளவுதான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்ததே 2004-ல்தான். மூதறிஞர் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூர் பக்கத்தில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு ஓசூரைத் தெரிந்திருக்க அதுதான் முக்கியக் காரணமாக இருந்திருக்கும்.

1971-ல் தமிழ்நாடு அரசு சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. நிலத்தை எடுத்து, சாலை போட்டு, தண்ணீரும் மின்சாரமும் கொண்டுவந்து, தயார் நிலையில் தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பது இதன் வேலை. பின்தங்கிய பகுதியாக இருந்த ஓசூரைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் இருந்தது. பெங்களூரு வெறும் 40 கி.மீ. தூரம்.

அதன் பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை. 1980-ல் டி.வி.எஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. அதே காலத்தில் அசோக் லேலண்ட் வந்தது. இன்றைக்கு டி.வி.எஸ், ஏத்தர் என மின்சார ஸ்கூட்டர் தயாரிப்பில் ஓசூர் முன்னணியில் நிற்கிறது. போச்சம்பள்ளியில் ஓலா தொழிற்சாலை. நாகமங்கலம் பகுதியில் ஐபோன் பாகங்கள் தயாரிக்கும் டாடா எலெக்ட்ரானிக்ஸ்.

கம்பெனிகள் வந்த பிறகு அரசு சாலை போடவில்லை. அரசு முதலில் நிலத்தையும் சாலையையும் தயார் செய்தது, கம்பெனிகள் பின்னால் வந்தன. இந்த வரிசை முக்கியம்.

டைட்டன் வாட்ச்சில் அரசுக்கு என்ன பங்கு?

டைட்டன் என்றால் டாடா கம்பெனி என்றுதான் பலரும் நினைப்போம். அது பாதி உண்மை. 1984-ல் டாடா குழுமமும், தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனம் அது. முதல் தொழிற்சாலை ஓசூரில்.

இன்றைக்கும் டைட்டனில் டிட்கோ வைத்திருக்கும் பங்கு 27.88 சதவீதம். 2025-ல் டைட்டனின் சந்தை மதிப்பு 3 லட்சம் கோடி ரூபாயை ஒட்டி இருந்தது. அந்தக் கணக்கில் அரசின் பங்கு மட்டும் 80,000 கோடி ரூபாய்க்கு மேல். 2024-25 நிதியாண்டுக்கு டைட்டன் ஒரு பங்குக்கு 11 ரூபாய் டிவிடெண்ட் அறிவித்தது. டிட்கோ பங்குக்கு அது 270 கோடி ரூபாய்க்கு மேல் வரும்.

"அரசு பணம் போட்டா வீணாத்தான் போகும்" என்று சொல்கிறவர்களிடம் காட்ட வேண்டிய கணக்கு இது. ஆனால் இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. டைட்டனில் அரசு நிலம் மட்டும் கொடுக்கவில்லை, பங்கும் எடுத்துக்கொண்டது. அதனால் 40 வருஷம் கழித்தும் லாபத்தில் அரசுக்கு உரிமை இருக்கிறது. இப்போது வரும் திட்டங்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. நிலம், மானியம், சாலை எல்லாம் அரசு கொடுக்கும். லாபம் கம்பெனிக்கு. அப்படியானால் அரசுக்குத் திரும்பி வருவது எது? அதற்கு வருவோம்.

இப்போது என்னென்ன அறிவிப்புகள்?

• விமான நிலையம்: 2024 ஜூன் 27-ல் சட்டப்பேரவையில் 110 விதியின் கீழ் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் அளவில் திட்டம். சூளகிரி தாலுகாவில் பேரிகை - பாகலூர் பகுதி இடமாகப் பேசப்படுகிறது.
• டைடல் பார்க்: 2025-26 பட்ஜெட்டில் 400 கோடி ரூபாயில், 5 லட்சம் சதுர அடியில் அறிவிப்பு. கூடவே ஓசூர் அறிவுசார் பெருவழித்தடம்.
• மெட்ரோ: பெங்களூரு பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் வரை சுமார் 20 கி.மீ. இணைப்பு. சாத்தியக்கூறு ஆய்வு நடந்தது.
• முதலீட்டாளர் மாநாடு: 2025 செப்டம்பர் 11-ல் ஓசூரில் நடந்தது. 24,307 கோடி ரூபாய்க்கு 92 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். 49,353 பேருக்கு வேலை கிடைக்கும் என்று அரசு சொன்னது.

புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது வாக்குறுதி மட்டும்தான். அது தொழிற்சாலையாக மாறி, சம்பளம் போடும்போதுதான் கணக்கில் வரும்.

அரசு 1 ரூபாய் செலவு செய்தால் என்ன ஆகும்?

இதைப் பற்றி இந்தியாவில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஒரு ஆய்வு உண்டு. தேசிய பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனத்தின் பொருளாதார நிபுணர்கள் செய்தது. அரசு 1 ரூபாயைச் சாலை, பாலம், ரயில் மாதிரி மூலதனச் செலவாகப் போட்டால், பொருளாதாரத்தில் சுமார் 2 ரூபாய் 45 காசு அளவுக்கு உற்பத்தி கூடும். அதே 1 ரூபாயை நேரடியாகக் கையில் கொடுத்தால் 98 காசு.

இதை அடிப்படையாக வைத்துத்தான் மத்திய அரசு மூலதனச் செலவை வருஷா வருஷம் ஏற்றிக்கொண்டே போகிறது. 2025-26 பட்ஜெட்டில் அது 11.21 லட்சம் கோடி ரூபாய். மாநிலங்களுக்கு 50 வருஷ வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கும் 1.5 லட்சம் கோடியும் அதில் அடக்கம். தமிழ்நாடு அரசும் 2025-26-ல் மூலதனச் செலவுக்கு 57,231 கோடி ரூபாய் ஒதுக்கியது.

ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். அந்த 2.45 என்பது நாடு முழுக்கச் சேர்த்துப் போட்ட கணக்கு. சென்னையில் போட்ட ரூபாய் சேலத்தில் சுற்றினாலும், சூரத்தில் சுற்றினாலும் அது இந்தியாவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஓசூர் மாதிரி எல்லை ஊரில் ஒரு மாநில அரசு பணம் போட்டால், அதன் பலன் மாநிலத்துக்குள்ளேயே தங்கும் என்று சொல்ல முடியாது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் வேறு மாநிலம்.

வரி எங்கே போகிறது? இதுதான் முக்கியம்

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி வந்தது. எல்லையில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போனதால் லாரிகள் வரிசையில் காத்திருப்பது குறைந்தது. ஓசூருக்கு அது நல்ல விஷயம்.

ஆனால் ஜி.எஸ்.டி, பொருள் எங்கே விற்கப்படுகிறதோ அந்த மாநிலத்துக்குப் போகும் வரி. ஓசூரில் தயாரான ஒரு ஸ்கூட்டர் உத்தரப்பிரதேசத்தில் விற்றால், மாநிலத்துக்கான வரிப் பங்கு உத்தரப்பிரதேசத்துக்கு. தமிழ்நாட்டுக்கு அல்ல. ஏற்றுமதியானால் அந்த வரியே கிடையாது.

அப்படியானால், நிலம் எடுத்துக் கொடுத்து, சாலை போட்டு, மானியமும் கொடுத்த தமிழ்நாட்டுக்கு என்ன மிச்சம்?

வேலை. சம்பளம். அந்தச் சம்பளத்தை வாங்கியவர் உள்ளூரில் செய்யும் செலவு.

தொழிலாளி வாங்கும் மளிகை, பிள்ளைக்குக் கட்டும் ஸ்கூல் ஃபீஸ், வீட்டு வாடகை, பைக், பவுன் கணக்கில் வாங்கும் நகை, பத்திரப்பதிவு... இதெல்லாம் தமிழ்நாட்டுக்குள் நடந்தால் பணமும் வரியும் இங்கே சுற்றும். அதிகாரிகள் எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியிருந்துகொண்டு காரில் ஓசூருக்கு வந்து போனால் அந்தச் செலவு பெங்களூருவில். வெளிமாநிலத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர் சம்பளத்தைச் சேமித்து ஊருக்கு அனுப்பினால், அது அவர் குடும்பத்துக்கு. அதில் தப்பே இல்லை, அவருடைய உழைப்பு அது. ஆனால் தமிழ்நாடு அரசு போட்ட முதலீட்டின் கணக்கில் அது வெளியே போகிற பணம்.

ஜவளகிரி கணக்குக்குள் வருவது இங்கேதான். தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் ஓசூர் தொழிற்சாலையில் வேலைக்குப் போய், மாலையில் வீடு திரும்பி, சம்பளத்தை இங்கேயே செலவு செய்கிறார்களோ, அந்த அளவுக்குத்தான் அரசின் முதலீடு திரும்பி வரும். ஜவளகிரிக்கு ஒரு பஸ் விடுவதை உதவி என்று நினைக்க வேண்டாம். அது போட்ட முதலை எடுக்கும் வழி.

கர்நாடகா சம்மதிக்குமா?

எல்லையில் இருப்பதால் வரும் இன்னொரு சிக்கல், பல திட்டங்களின் சாவி வேறு ஒருவர் கையில் இருப்பது.

விமான நிலையத்தை எடுத்துக்கொள்வோம். பெங்களூரு விமான நிலையத்துக்காக 2004-ல் போடப்பட்ட ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு. திறந்த நாளிலிருந்து 25 வருஷத்துக்கு, மைசூரு, ஹாசன் தவிர, 150 கி.மீ. சுற்றளவில் புதிய விமான நிலையம் வரக்கூடாது. அந்த விமான நிலையம் 2008 மே மாதம் திறக்கப்பட்டது. அதாவது 2033 வரை தடை.

"அப்போ இப்போ எதுக்கு அவசரம்?" என்று கேட்கலாம். பெரிய விமான நிலையத்துக்கு நிலம் எடுக்க, அனுமதி வாங்க, கட்டி முடிக்க எப்படியும் பல வருஷம் ஆகும். 2033-ல் யோசிக்க ஆரம்பித்தால் 2040 ஆகிவிடும். அந்த வகையில் இப்போதே தொடங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கர்நாடகாவும் பெங்களூருக்கு இரண்டாவது விமான நிலையம் தேடுகிறது. 2025 ஏப்ரலில் இந்திய விமான நிலைய ஆணையக் குழு பார்வையிட்ட இடங்களில் கனகபுரா சாலைப் பகுதியும் உண்டு. இரண்டில் எது முந்துகிறதோ, அடுத்ததற்குப் பயணிகள் கணக்கு இடிக்கும்.

மெட்ரோ கதையும் இதேதான். ஆர்.வி.ரோடு - பொம்மசந்திரா மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்ட் 10-ல் திறக்கப்பட்டது. அதை ஓசூர் வரை நீட்டலாம் என்பது தமிழ்நாட்டின் ஆசை. ஆனால் பெங்களூரு மெட்ரோ, தண்டவாளத்தின் ஓரம் ஓடும் மின்பாதையில் 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் திட்டமிட்டது, மேலே கம்பி போட்டு 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தில் இயங்கும் முறை. இரண்டையும் ஒரே ரயிலாக ஓட்ட முடியாது என்று பெங்களூரு மெட்ரோ நிர்வாகம் கூறியது. பொம்மசந்திராவில் இறங்கி வேறு ரயில் மாறுவது ஒரு வழி. அதற்கும் இரண்டு மாநிலமும் உட்கார்ந்து பேசணும்.

ஒகேனக்கல் சொல்லும் பாடம்

பேசினால் நடக்குமா? நடந்திருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்கு உதாரணம்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் கறை படிவதில் தொடங்கி எலும்பு பாதிப்பு வரை போகும். காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டத்துக்கு 1998-லேயே கர்நாடகாவுடன் உடன்பாடு ஏற்பட்டது. 2008 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். உடனே கர்நாடகாவில் கடும் எதிர்ப்பு. அங்கே சட்டமன்றத் தேர்தல் நேரம் வேறு. அந்த ஏப்ரலில், தேர்தல் முடியும்வரை திட்டத்தை நிறுத்தி வைப்பதாக அவர் அறிவிக்க வேண்டி வந்தது.

பிறகு ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனுதவியுடன் வேலை நடந்தது. 1,334 கோடியாக இருந்த மதிப்பீடு 1,928.80 கோடி ரூபாய் ஆனது. 2013 மே 29-ல் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். ஒரு கட்சி ஆட்சியில் தொடங்கியதை எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தபோது கைவிடவில்லை.

கவனிச்சுப் பார்த்தா, இந்தத் திட்டத்தின் பலன் ஓசூரில் மட்டும் நிற்கவில்லை. குழாய் கிராமங்களுக்குப் போனது. அளவு, நேரம் பற்றிய புகார்கள் இன்றும் உண்டு. ஆனால் இரண்டு மாவட்டத்து ஊர்களும் சேர்த்துத்தான் வரைபடமே போடப்பட்டது. தொழில் திட்டங்களில் இந்த வரைபடம்தான் காணோம்.

நிலம் கொடுப்பவர் யார்?

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பார்கள். இந்தப் பகுதியில் திட்டம் வருவதற்கு முன்னால் வருவது ரியல் எஸ்டேட் மணியோசை. விமான நிலையம் என்று சட்டப்பேரவையில் சொன்ன மறுநாளே நிலத்தை வாங்கிப் போட ஆள் வந்துவிடும். விலை ஏறும். ஆனால் அந்த ஏற்றம், சின்ன விவசாயிக்கு முன்னதாகத் தகவல் தெரிந்த இடைத்தரகருக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

2023-ல் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் சிப்காட் விரிவாக்கத்துக்குச் சுமார் 3,000 ஏக்கர் எடுக்கும் முயற்சிக்கு எதிராக விவசாயிகள் மாதக்கணக்கில் காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் சொன்னது எளிமையானது: இது தரிசு இல்லை, மூணு போகம் விளையும் நிலம்.

இழப்பீடு ஒரு முறை வரும். வேலை மாசா மாசம் வரும். நிலம் கொடுத்த வீட்டுக்கு அந்த வேலை உறுதியாகக் கிடைக்குமா என்ற கேள்விக்கு எழுத்துப்பூர்வமான பதில் இல்லாதவரை இந்தப் போராட்டங்கள் நிற்காது.

ஜவளகிரியிலிருந்து பார்த்தால்?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். ஜவளகிரிக்கு சிப்காட் வரணும் என்று யாரும் கேட்க முடியாது, வரவும் கூடாது. இந்த மாவட்டக் காடுகளை ஒட்டி 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. பன்னேருகட்டாவிலிருந்து காவிரிக் கரை வரை யானைகள் நடக்கும் பாதை இது. அங்கே தொழிற்சாலை கட்டினால் யானை ஊருக்குள் வரும். ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறது.

எனவே கேள்வி, தொழிற்சாலையை ஊருக்குக் கொண்டு வருவது பற்றி இல்லை. ஊர்க்காரர்களைத் தொழிற்சாலையோடு இணைப்பது பற்றி.

ஒரு கணக்குக்காக, ஜவளகிரி பக்கம் பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஓசூர் பகுதி எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் இளம்பெண்களுக்கு வேலை இருக்கிறது. அவர் அங்கே போக என்னென்ன வேணும்?

பஸ்: பல தொழிற்சாலைகளில் முதல் ஷிஃப்ட் காலை 6 மணிக்கெல்லாம் தொடங்கிவிடும். கம்பெனி பஸ் மெயின் ரோடு வரைதான் வரும் என்றால், அங்கே வரைக்கும் அவர் இருட்டில் எப்படிப் போவார்? அரசின் விடியல் பயணத் திட்டத்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதத்திலிருந்து இருக்கிறது. ஆனால் அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான். அந்த பஸ் ஷிஃப்ட் நேரத்துக்கு ஓடினால்தான் பயன்.

யானை: நவம்பர், டிசம்பர் ராகி அறுவடை நேரம். அதே நேரத்தில்தான் யானைக் கூட்டமும் வரும். ராகிக் காவலுக்கு ராத்திரி முழுக்க அப்பா தோட்டத்தில் இருப்பார். அந்த மாதங்களில் விடியும் முன் ரோட்டில் நின்று பஸ் பிடி என்று எந்த வீட்டில் பெண்ணை அனுப்புவார்கள்? தெருவிளக்கு, யானை நடமாட்ட எச்சரிக்கை, ஓசூர் வனக்கோட்டத்தில் போடப்பட்டு வரும் இரும்புக் கயிறு வேலி... இதெல்லாம் வனத்துறைச் செலவு என்று தனியாக எழுதப்படுகிறது. உண்மையில் அதுவும் இந்தப் பகுதியின் தொழில் கட்டமைப்புதான். வேலி சரியாக இல்லாத இடத்தில் ஆட்கள் தாங்களே மின்வேலி போட்டால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளியில் பார்த்தோம். 2023 மார்ச்சில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன.

படிப்பு: டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ-களை தமிழ்நாடு அரசு நவீனப்படுத்தியது. ரோபோ, கணினி வழி இயந்திரப் பயிற்சி எல்லாம் அதில் உண்டு. ஆனால் தினமும் போய்வரும் தூரத்தில் ஐ.டி.ஐ இருந்தால்தான் கிராமத்துப் பெண் சேருவார். இல்லையென்றால் பாதுகாப்பான விடுதி வேணும். பயிற்சி இல்லாமல் போனால் கிடைப்பது குறைந்த சம்பள ஒப்பந்த வேலை.

விவசாயிக்கு என்ன?

எல்லோரும் தொழிற்சாலைக்குப் போகப் போவதில்லை. தளி, தேன்கனிக்கோட்டை பகுதி தக்காளி, முட்டைக்கோஸ், பீன்ஸ், ரோஜாவுக்குப் பேர் போனது. தளியில் இஸ்ரேல் தொழில்நுட்ப உதவியுடன் கொய்மலர் மகத்துவ மையமே இருக்கிறது. காதலர் தினம் நெருங்கினால் ஓசூர் ரோஜா வெளிநாடு போகும். போகும் வழி? பெங்களூரு நகரம் முழுவதையும் கடந்து, வடக்கே தேவனஹள்ளியில் உள்ள விமான நிலையத்துக்கு. பேரிகை பக்கம் விமான நிலையம் வந்தால், குளிரூட்டப்பட்ட சரக்கு முனையமும் அதோடு வந்தால், இந்த விவசாயிகளுக்கு நேரடி லாபம். பயணிகளுக்கான கட்டடம் மட்டும் வந்தால் லாபம் இல்லை. திட்ட அறிக்கையில் கவனிக்க வேண்டிய வரி இது.

கட்டடம் கட்டினால் மட்டும் போதாது என்பதற்கும் ஓசூரிலேயே உதாரணம் உண்டு. சுமார் 20 கோடி ரூபாயில் சர்வதேச மலர் ஏல மையம் கட்டப்பட்டது. கட்டி முடித்த பிறகும் ஏலம் நடக்காமல் கிடக்கிறது என்று மலர் விவசாயிகள் குறைப்பட்டார்கள். வாங்கும் வியாபாரி, வாகனம், பணப்பட்டுவாடா முறை எல்லாம் பெங்களூருவில் இருக்கும்போது பூ மட்டும் ஓசூரில் ஏன் நிற்கும்?

ரயில்: பேசப்படாத பெரிய குறை

விமானம் பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஆனால் மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியில் ரயில் நிலையமே கிடையாது என்பது வெளியூர் ஆட்களுக்குத் தெரியாது. ஜோலார்பேட்டை - கிருஷ்ணகிரி - ஓசூர் ரயில் பாதை பல வருஷக் கோரிக்கை, தேர்தலுக்குத் தேர்தல் வரும் வாக்குறுதி.

தொழிலாளிக்கும் சரக்குக்கும் விமானத்தைவிட ரயில்தான் அதிகம் பயன்படும். இதற்கு கர்நாடகாவின் சம்மதமும் தேவையில்லை. முழுக்க தமிழ்நாட்டுக்குள் ஓடும் பாதை. மத்திய அரசு நிதி ஒதுக்கினால் போதும். எல்லை தாண்டிய திட்டங்களுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், எல்லைக்குள் செய்யக்கூடிய பெரிய வேலை இது.

அப்போ நாம எதைக் கவனிக்கணும்?

அரசு ஓசூரில் முதலீடு செய்வது தப்பா? இல்லவே இல்லை. 50 வருஷ அனுபவம் அது சரி என்றுதான் சொல்கிறது. ஆனால் 1970-களில் நிலமும் சாலையும் போதுமானதாக இருந்தன. வரி முறை மாறிவிட்ட இன்றைக்கு அது மட்டும் போதாது. அடுத்த முறை ஓசூர் பற்றி ஒரு அறிவிப்பு வரும்போது, எத்தனை ஆயிரம் கோடி என்று பார்த்த பிறகு, இந்த 4 கேள்விகளையும் கேட்டுப் பாருங்க:

1. இதை முடிக்க யார் யார் சம்மதம் வேணும்? அதற்கான பேச்சு தொடங்கியாச்சா?
2. சொல்லப்படும் வேலைகளில் தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பகுதி மக்களுக்கு எத்தனை? அவர்கள் வந்து போக பஸ் எது?
3. நிலம் கொடுப்பவருக்கு இழப்பீட்டைத் தவிர வேறென்ன உறுதி?
4. ராகிக்கும் யானைக்கும் நடுவில் வாழும் ஊர்களுக்கான பாதுகாப்புச் செலவு இந்தத் திட்ட மதிப்பீட்டில் இருக்கிறதா, இல்லை வேறு துறை தலையில் தள்ளப்பட்டதா?

விமான நிலையத்துக்கு எப்படியும் 2033 வரை காத்திருக்கணும். மெட்ரோவுக்குப் பெங்களூருவின் பதில் வரணும். ஆனால் ஷிஃப்ட் நேரத்துக்கு ஜவளகிரியிலிருந்து ஒரு பஸ் விட யாருடைய அனுமதிக்காகவும் தமிழ்நாடு அரசு காத்திருக்க வேண்டியதில்லை.